குப்பத்துக்கு வாக்கப்பட்ட மூக்கு

என் கல்யாணம் முடிந்த கையோடு மாமியார் வீட்டில் நடந்த விருந்தில் என் அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதோடு இரண்டு குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது. "சம்பந்தி, சீமெண்ண அடுப்புலயா சமைச்சீங்க?" என்பதுதான் அந்தக் கேள்வி.

அப்பா வம்புக்குக் கேட்கவில்லை. அவர் ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருக்கிறவர். தக்காளிப் பெட்டியைத் திறக்காமலேயே உள்ளே பழம் அழுகியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். அந்த மூக்கோடு எண்ணூர் முகத்துவாரக்குப்பத்துக்கு வந்து, இலையில் விழுந்த இறால் தொக்கை ஒரு வாய் வைத்ததும் மண்ணெண்ணெய் வாடை அடித்திருக்கிறது. ஸ்டவ்வில் சமைத்தால் சில நேரம் அப்படி ஆகும் என்று அவரே ஒரு சமாதானம் கண்டுபிடித்து, அதை மரியாதையாகக் கேட்டும் விட்டார்.

என் மாமியார் அப்பாவைப் பாதிச் சாப்பாட்டில் எழுப்பிச் சமையலறைக்கு அழைத்துப் போனார். கேஸ் அடுப்பைக் காட்டினார். கீழே இருந்த சிலிண்டரைக் காட்டினார். பீரோவுக்குப் பின்னால் யாருக்கும் தெரியாமல் வைத்திருந்த இன்னொரு சிலிண்டரையும் காட்டினார். அப்பா எச்சில் கையோடு நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, நல்ல அடுப்பு என்றார். பிறகு அந்த வீட்டு ஆட்கள் வரிசையாக வந்து தொக்கைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்கள். மாமனார் பார்த்தார், என் கணவர் பார்த்தார், பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட வந்து பார்த்தார்கள். ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியவில்லை. உப்புதான் கொஞ்சம் கம்மி என்று ஒருவர் சொன்னார்.

எனக்குத் தெரிந்தது. முதல் வாயிலேயே குப்பென்று அடித்தது. ஆனால் நான் புது மருமகள், அதிலும் காதல் கல்யாணம். துறைமுகத்துப் பக்கம் ஒரு கன்டெய்னர் கம்பெனியில் ஒன்றாக வேலை பார்த்தபோது பழகி, மீன் ஆயத் தெரியாத வெளியூர்க்காரி என்ற பட்டத்தோடு அந்த வீட்டுக்குள் நுழைந்தவள். இறாலைப் பற்றிக் கருத்துச் சொல்கிற நிலைமையிலா இருந்தேன்? கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன்.

அத்தையின் தொழில் தெரியாவிட்டால் அந்தக் கோபம் புரியாது. மாமனார் விடியற்காலையில் ஆற்றில் வலை வீசுவார். ஆறு என்று நாங்கள் சொல்வது கடலில் போய்ச் சேருகிற கழிமுகத்தை. கிடைத்த இறாலை அலுமினிய அன்னக்கூடையில் அள்ளிக்கொண்டு அத்தை பஸ் ஏறி ராயபுரம் போவார். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம் ராயபுரத்துக்குக் கூப்பிடு தூரம். அங்கே கிடைக்காத மீன் கிடையாது. அப்படியிருந்தும் சர்ச்சுக்குப் பின்னால் ஒரு தெரு முழுக்க எங்கள் அத்தைக்காகக் காத்திருந்தது. கடல் இறால் பார்க்கத்தான் வாட்டசாட்டம், ஆற்று இறாலில்தான் இனிப்பு என்பது அந்தத் தெருவின் முடிவு. துறைமுகத்தின் வாசலிலேயே போய் எண்ணூர்ச் சரக்கை விற்கிறோம் என்ற கர்வம் அத்தையின் நடையிலேயே தெரியும். கூடை தலையில் இருக்கும்போது அவர் யாருக்கும் வழிவிட மாட்டார். பஸ்ஸுக்குக்கூட.

அந்தத் தெருவிலிருந்துதான் அடுத்த புகார் வந்தது. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் ஆன்ட்டி, வெள்ளிக்கிழமை தவறாமல் இறால் வாங்குகிறவர், குழம்பில் ஏதோ எண்ணெய் வாடை வருகிறதே என்று தயங்கித் தயங்கிச் சொல்லியிருக்கிறார். சட்டியை மாற்றுங்கள் என்றார் அத்தை. ஆன்ட்டி புதுச் சட்டி வாங்கினார். வாடை போகவில்லை. மசாலாவை மாற்றுங்கள் என்றார். மாற்றினார். கடைசியில் வயதானால் அப்படித்தான் வாய் கெட்டுப்போகும் என்று அத்தை சொல்லிவிட, அடுத்த வெள்ளிக்கிழமை ஆன்ட்டி காசிமேட்டில் இறால் வாங்கினார். அதைப் பார்த்து எதிர்வீடு வாங்கியது. எதிர்வீட்டைப் பார்த்துத் தெரு வாங்கியது.

பாதிக் கூடை திரும்பி வந்தது. அதுவரை வெறும் கூடையைக் கவிழ்த்து இடுப்பில் வைத்துக்கொண்டு வருகிற அத்தையைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அவர் கூடையை இறக்கிவிட்டு வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். யாரிடமும் சண்டை போடவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து உள்ளே போய், உப்பு மஞ்சள் எதுவும் போடாமல் ஒரே ஒரு இறாலை வேகவைத்து, தட்டில் வைத்து என் முன்னால் நீட்டினார்.

"மோந்து பாரு. உங்க நைனா சொன்ன அந்த வாசம் வருதா?"

"வருது அத்தை."

"அன்னிக்கே இன்னாத்துக்கு வாயத் தொறக்கல நீ?"

அப்பா வாயைத் திறந்ததற்கே இரண்டு சிலிண்டரைக் காட்டினீர்களே என்றேன். அத்தை போனை எடுத்து என் அப்பாவைக் கூப்பிட்டார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை. உங்கள் ஊரில் தக்காளி என்ன விலை என்று விசாரித்தார். அப்பா விலையைச் சொன்னார். இங்கே அதைவிட ஜாஸ்தி என்றார் அத்தை. இப்படியாகச் சம்பந்தம் புதுப்பிக்கப்பட்டது.

மறுநாளிலிருந்து எனக்கு வேலை. மாமனார் படகிலிருந்து இறங்கியதும், ஆற்றில் எந்தப் பக்கம் பிடித்தது என்று பக்கவாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் இறால் வேகும். நான் ஆவி அடங்குவதற்குள் மோந்து பார்த்து, போகலாம் அல்லது போகாது என்று சொல்ல வேண்டும். போகலாம் என்றால் ராயபுரம். போகாது என்றால் எங்கள் வீட்டுக் குழம்பு. வீட்டு ஆட்களுக்குத்தான் ஒரு வித்தியாசமும் தெரியாதே, வீணாக்குவானேன் என்பது அத்தையின் வாதம். அன்றைக்கு எனக்கு மட்டும் முட்டை.

ராயபுரத்துத் தெரு மெல்லத் திரும்பி வந்தது. ஆன்ட்டி வீட்டுக்கு அத்தை நேரில் போய், இனிமேல் என் மருமகள் மோந்து பார்த்த சரக்குதான் கூடையில் ஏறும் என்று வாக்குக் கொடுத்தார். அந்த மருமகளை ஒருநாள் பார்க்க வேண்டும் என்று ஆன்ட்டி சொன்னாராம். மாமனார் மட்டும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இருட்டோடு எழுந்து, இடுப்பளவு தண்ணீரில் நின்று பிடித்து வந்த சரக்கை, தூக்கம் கலையாத முகத்தோடு ஒருத்தி மோந்து பார்த்துத் தள்ளிவிட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்? இவள் மூக்கில் என்ன மீட்டரா வைத்திருக்கிறது என்று என் கணவரிடம் கேட்டார். கணவர் நடுநிலை வகிப்பதாகச் சொல்லி வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

விஷயம் குப்பத்தில் பரவியது. மற்ற மீன்காரப் பெண்களும் தட்டைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். ஒருத்தி மடவை மீன் கொண்டுவருவாள், ஒருத்தி நண்டுக்கால் கொண்டுவருவாள். என் வீட்டு வாசலில் காலையில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்து, புதிதாக வந்த கூரியர்காரர் இது என்ன கிளினிக்கா என்று கேட்டார்.

மூக்குக்கு மதிப்பு வந்ததும் மூக்குக்குக் கட்டுப்பாடும் வந்தது. மல்லிகைப்பூ கூடாது. பவுடர் கூடாது. பச்சை வெங்காயம் கூடாது. ஊதுபத்தி சாமிக்கே கிடையாது என்றாகிவிட்டது. என் கணவர் வாசனை சோப்புப் போட்டுக் குளித்தார் என்று தெரிந்து அத்தை சோப்பைப் பிடுங்கிக் கூரைமேல் வீசினார். கல்யாணமான புதிதில் பூவும் இல்லாமல் பவுடரும் இல்லாமல் நான் திரிந்ததைப் பார்த்து, வீட்டில் ஏதோ பிரச்சினை என்று தூரத்து உறவுக்காரர் ஒருவர் சமாதானம் பேச வந்துவிட்டார்.

ஒரு தடவை எனக்குச் சளி பிடித்தது. குப்பமே பேஜாராகிப் போனது. காலையிலிருந்து ஆள் மாற்றி ஆள் கஷாயம் கொண்டுவந்தார்கள். துளசி, தூதுவளை, மிளகு, இஞ்சி, ஒரு பெண் நாட்டுக்கோழி ரசம். மருமகளுக்குச் சளி என்றால் மாமியார் இப்படித் துடித்துப் போவதை நான் டிவி சீரியலில்கூடப் பார்த்ததில்லை. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை அத்தை வந்து, மூக்கு திறந்துகொண்டதா என்று கேட்டார். காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

அதைவிட மோசம் நான் உண்டாகியிருந்த மாதங்கள். மூக்கு பத்து மடங்கு வேலை செய்தது. எந்த இறாலும் பாஸாகவில்லை. காசிமேட்டு இறாலும் பாஸாகவில்லை. சோறு பாஸாகவில்லை, பால் பாஸாகவில்லை, என் கணவரே பாஸாகவில்லை. பிள்ளை பிறக்கிறவரை மூக்குக்கு லீவு விட்டுவிடலாம் என்று கடைசியில் அத்தை முடிவு செய்தார். அந்த மாதங்களில் அவர் ராயபுரம் போகவே இல்லை. மோந்து பார்க்காத சரக்கைக் கொண்டுபோக மாட்டேன், கொடுத்த வாக்கு என்ன ஆவது என்றார். அப்போதுதான் எனக்கு இந்த மனுஷி மேல் பாசம் வந்தது. அதுவரை பயம்தான்.

தட்டும் இறாலுமாக இருந்ததில் எனக்கு ஆறும் பழகிவிட்டது. கடல் ஏறி ஆற்றுக்குள் வந்த நாளில் பெரும்பாலும் பாஸாகும். மேலே மழை பெய்த மறுநாள் நிச்சயம் பாஸாகாது. இந்த வாடை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் குப்பத்தில் எல்லோரும் கண்ணால் பார்த்தே சொல்வார்கள். தண்ணீர் சாம்பல் நிறத்தில் குழம்பி வந்தால், மின்சாரத்துக்கு நிலக்கரி எரித்த சாம்பலைக் கரைத்துக் கொண்டுபோகிற குழாய் எங்கேயோ ஒழுகுகிறது. கதகதப்பாக வந்தால், இயந்திரத்தைக் குளிர வைத்த தண்ணீரை ஆறவிடாமல் திறந்துவிட்டிருக்கிறார்கள். நுரைத்துக்கொண்டு வந்தால் ஊர்ச் சாக்கடை. மேலே வானவில் மிதந்தால் ஏதோ ஒரு ஆலையின் எண்ணெய். மழைக்காலத்தில் எல்லாம் சேர்ந்து வரும். அப்போது யார் மேலும் கை காட்ட முடியாது என்பதால் கம்பெனிக்காரர்களுக்கு மழை என்றால் கொள்ளைப் பிரியம் என்று மாமனார் சொல்வார். அவருக்கு முழங்காலுக்குக் கீழே தோல் வெடித்து எப்போதும் அரிப்பு. வலை கறுத்துக் கனத்துவிடும். ஆற்றின் அடியில் சாம்பல் சேறாகப் படிந்து, கால் புதைந்த இடத்தில் இறாலைக் காணோம் என்பார்.

ஒருமுறை தண்ணீரைப் பரிசோதிக்க அதிகாரிகள் வந்தார்கள். பாட்டில் பாட்டிலாக மொண்டு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அத்தை சும்மா இருப்பாரா? அன்றைக்கு நான் போகாது என்று சொன்ன இறாலை வேகவைத்து, தட்டோடு கொண்டுபோய் அவர்களில் பெரியவர் முன்னால் நீட்டினார். அவர் நல்ல மனிதர். மாஸ்க்கைக் கீழே இறக்கி, பொறுமையாக மோந்து பார்த்தார். மறுபடியும் பார்த்தார். இறால் வாசனைதானே வருகிறது என்றார். எங்கள் ஆட்கள் கொதித்துப் போனார்கள். பணம் வாங்கிவிட்டான் என்று ஒருத்தர் கத்தினார். அத்தை மட்டும் அவரைக் கூர்ந்து பார்த்து, உங்களுக்குச் சொந்த ஊர் எது என்று கேட்டார்.

"கொருக்குப்பேட்டைம்மா. பொறந்து வளந்ததெல்லாம் அங்கதான்."

அத்தை தட்டை வாங்கிக்கொண்டார். பாவம், அவரும் நம்மைப் போல ஆலைப் புகையிலேயே வளர்ந்த ஆள்தான், அவருக்கு எப்படித் தெரியும் என்று கூட்டத்தைக் கலைத்து அனுப்பினார். தட்டில் இருந்த இறாலை அந்த அதிகாரி கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

இப்படிச் சில வருஷங்கள் ஓடின. என் மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாள். மாமனார் என்னோடு பேச ஆரம்பித்தார். சரக்கும் முன்பைவிட அதிகமாகப் பாஸாக ஆரம்பித்தது. ஆறு கொஞ்சம் சுத்தமாகி வருகிறது போலிருக்கிறது என்று நான்தான் முதலில் சொன்னேன். எல்லோருக்கும் சந்தோஷம். கம்பெனிக்காரனுக்கும் மனசாட்சி வந்துவிட்டது என்று குப்பத்தில் பேசிக்கொண்டார்கள்.

போன மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், எங்கள் வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. ராயபுரத்து ஆன்ட்டி இறங்கினார். அவருக்குப் பின்னால் ஆட்டோக்காரர் ஒரு பெரிய தேக்சாவை இரண்டு கையாலும் இறக்கி வைத்தார். ஆன்ட்டியின் மகன் வீட்டார் துபாயிலிருந்து வந்திருந்தார்களாம். முதல் நாள் அத்தையிடம் வாங்கிய இறாலில் பிரியாணி செய்திருக்கிறார். பேரப்பிள்ளைகள் ஒரு ஸ்பூன் வாயில் வைத்துவிட்டுத் துப்பிவிட்டார்கள். அவர் மருமகள் தட்டை மூடி வைத்துவிட்டாளாம். ஆன்ட்டி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"நீதானே மோந்து பாக்குற பொண்ணு? நீயே பாரும்மா," என்று தேக்சா மூடியைத் திறந்தார்.

குனிந்து பார்த்தேன். புதினா அடித்தது. நெய் அடித்தது. பட்டை, கிராம்பு, இறால். ஒன்றும் இல்லையே ஆன்ட்டி என்றேன். மாமியாரை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். நான் பொய் சொல்லவில்லை. மறுபடியும் குனிந்தேன். ஓர் இறாலை எடுத்துப் பிட்டு மூக்கோடு ஒட்டி வைத்துப் பார்த்தேன். ஆட்டோக்காரர் அவ்வளவு தூரத்தில் நின்றுகொண்டு, வழியெல்லாம் பெட்ரோல் லீக் ஆகிறதோ என்று வண்டியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன் என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

அத்தை தேக்சாவைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஆன்ட்டியிடம் திரும்பி, தப்பு என் மேல்தான், இனிமேல் உங்கள் தெருவுக்கு ஆற்று இறால் கொண்டுவர மாட்டேன் என்று சொன்னார். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். ஆன்ட்டிக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தையின் கையைப் பிடித்துக் கொஞ்ச நேரம் நின்றார். தேக்சாவைக் கழுவிக் கொடுத்தனுப்பச் சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினார்.

அவர் போனதும் அத்தை ஆற்றுக்கு இறங்கி ஒரு சொம்பில் தண்ணீர் மொண்டு வந்து என் மூக்குக்கு நேராக நீட்டினார். மேலே ஏழு கலரில் படலம் மிதந்துகொண்டிருந்தது. கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தது. மூக்குக்கு அது வெறும் தண்ணீர். எத்தனை நாளாக இப்படி? ஆறு சுத்தமாகிறது என்று சொன்னேனே, அப்போதிருந்தா? பாஸாக்கி அனுப்பிய கூடையெல்லாம் ஞாபகத்துக்கு வந்து, சொம்பை வாங்கிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அத்தை என் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தார்.

"வுடு, அழுவாத. இப்பதான் நீ எங்க ஊரு பொண்ணு ஆயிக்கீற."

ஆறுதலுக்குத்தான் சொன்னார். அந்த ஒரு வார்த்தையை அந்த வீட்டில் யாராவது சொல்ல மாட்டார்களா என்று நான் கல்யாணமான நாளிலிருந்து ஏங்கியிருக்கிறேன். அது இப்படி வந்து சேர்ந்ததில் எனக்கு அழுகை இன்னும் அதிகமானது. நாளைக்கு எங்கே போவீர்கள் என்று கேட்டேன். காசிமேட்டுக்குப் போய் ஏலத்தில் நிற்க வேண்டியதுதான், அங்கே நின்றால் ஆற்று இறால்காரி வந்துவிட்டாள் என்று நாலு பேர் சிரிப்பார்கள், சிரிக்கட்டும் என்றார்.

அதற்குள் மாமனார் கையைக் கழுவிக்கொண்டு தேக்சாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். இவ்வளவு பிரியாணியை என்ன செய்வது, வீணாக்குவானேன் என்று அத்தையும் தட்டுகளை எடுத்து வந்தார். பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டோம். என் மகள் ருசித்துச் சாப்பிட்டாள். நானும் சாப்பிட்டேன். நெய் கொஞ்சம் தூக்கல், மற்றபடி யாரும் ஒரு குறை சொல்லவில்லை. நான் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டேன்.